ஐந்து வரி மாற்றத்துக்கு ஆயிரம் சோதனையா? கிட் மூலநிரலில் வேண்டியதை மட்டும் ஓட்டும் முறை

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் மென்பொருளான கிட்டின் மூலநிரலை இறக்கி, அதன் ஸ்டாஷ் கட்டளையில் (முடியாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது) ஐந்து வரி மாற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க 'மேக் டெஸ்ட்' என்று தட்டுகிறீர்கள். திரையில் வரிகள் ஓடத் தொடங்குகின்றன. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. கிட் திட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் சோதனை ஸ்கிரிப்டுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிலவற்றில் தொடங்கி நூற்றுக்கணக்கு வரை தனித்தனிச் சோதனைகள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இத்தனையையும் ஓட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோதனையையே கைவிட்டுவிடுகிறார்கள்.

கைவிட வேண்டியதில்லை. வேண்டிய கோப்பை மட்டும், அதற்குள்ளும் வேண்டிய சோதனையை மட்டும் ஓட்ட முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுக்கி எடுத்து ஓட்டும்போது 'எது ஓடியது, எது ஓடவில்லை' என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் வரும் பச்சை நிறத்தை நம்பக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்கப்போவது அந்த இடத்தில்தான்.

கிட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம்மில் எல்லாரும் தினமும் தொடும் மென்பொருள் அது. அதன் சோதனைகள் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டுகள். தனியாக ஒரு கருவியைக் கற்றுக்கொள்ளாமல் இன்றே திறந்து படிக்கலாம்.

கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாம் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

படி 1: முதலில் கட்டுங்கள்

கட்டுவது என்றால் மூலநிரலைக் கம்பைல் செய்து ஓடக்கூடிய நிரலாக்குவது. மூலநிரல் ஃபோல்டருக்குள் போய்:

மேக் -ஜே8

8 என்ற இடத்தில் உங்கள் கணினியின் கோர் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பைலர் தவிர, ஸீலிப், கர்ல், எக்ஸ்பாட், ஓபன்எஸ்எஸ்எல் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜுகளும் கெட்டெக்ஸ்டும் இருந்தால் தடையில்லாமல் முடியும். ரூட் பயனராக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக) இருந்து கட்டாதீர்கள், சோதனையும் ஓட்டாதீர்கள். கண்டெய்னருக்குள் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரூட்டுக்கு எந்தக் கோப்பையும் படிக்கவும் எழுதவும் அனுமதி இருப்பதால், 'அனுமதி இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்று பார்க்கும் சோதனைகளுக்கு அங்கே பொருளே இல்லை. அவை சத்தமில்லாமல் தாண்டப்பட்டுவிடும்.

கட்டி முடித்ததும் 'பின்-ராப்பர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். சோதனைகள் உங்கள் கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் கிட்டைத் தொடுவதில்லை. இந்த ஃபோல்டர் வழியாக, நீங்கள் இப்போது கட்டிய கிட்டைத்தான் கூப்பிடுகின்றன. ஆகவே நிறுவாமலே சோதிக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'மேக் டெஸ்ட்' என்று ஓட்டினால் மாறிய கோப்புகளை முதலில் கம்பைல் செய்துவிட்டுத்தான் சோதனைக்குப் போகும். தனி ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டினால் அப்படி நடக்காது. கடைசியாக எப்போது கட்டினீர்களோ அந்தக் கிட்டையே அது சோதிக்கும். நான் தொடங்கிய புதிதில் ஒரு மாலை முழுவதும் இதில் போயிற்று. நிரலைத் திருத்துவேன், ஸ்கிரிப்டை ஓட்டுவேன், அதே தோல்வி வரும். மறுபடி திருத்துவேன், மறுபடி அதே தோல்வி. என் திருத்தம் ஒன்றுகூட கம்பைல் ஆகவில்லை என்பது இரவில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டையும் பிரித்துத் தட்டுவதே இல்லை:

மேக் -ஜே8 && (சிடி டி && ./டி3903-ஸ்டாஷ்.எஸ்ஹெச்)

இரட்டை ஆம்பர்சேண்ட் இருப்பதால் கட்டுவது தோற்றால் சோதனை தொடங்காது. இதை விரல்களுக்குப் பழக்கிவிடுங்கள்.

படி 2: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சோதனைகள் எல்லாம் 'டி' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட ஃபோல்டரில் இருக்கின்றன. டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து அது. உள்ளே ஒவ்வொரு ஸ்கிரிப்டின் பெயரும் ஒரே அச்சில் இருக்கும்: டி என்ற எழுத்து, நாலு இலக்க எண், ஒரு கோடு, பிறகு பெயர். எண்ணின் முதல் இலக்கம் குடும்பத்தைச் சொல்கிறது.

0 என்றால் எல்லாவற்றுக்கும் அடிப்படையானவை. 1 பொருள் சேமிப்பகம் சார்ந்த அடிப்படைக் கட்டளைகள். 2 வேலைக் கோப்புகள் சார்ந்தவை. 3 மற்ற அடிப்படைக் கட்டளைகள். 4 என்றால் டிஃப். 5 புல், ஃபெட்ச், குளோன் போல வெளியிலிருந்து கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும். 6 கமிட் வரலாற்று மரம். 7 கமிட், ஸ்டேட்டஸ், மெர்ஜ் என்று நாம் அன்றாடம் கையாளும் மேல்தட்டுக் கட்டளைகள். 8 பிளேம் போல 'யார் எப்போது மாற்றினார்' என்று துப்பறிபவை. 9 கூடவே வரும் கருவிகள்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். தோல்விப் பட்டியலில் டி5-இல் தொடங்கும் பெயர்கள் வரிசையாக வந்தால், தகராறு பரிமாற்றப் பக்கம் இருக்கிறது என்று மனத்தில் பட்டால் போதும்.

படி 3: எந்தக் கோப்பு என்று கண்டுபிடியுங்கள்

கட்டளையின் பெயரை வைத்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஸ்டாஷுக்கு டி3903-ஸ்டாஷ். ரீபேஸுக்கு டி3400-ரீபேஸ். குளோனுக்கு டி5601-குளோன். ஃபோல்டருக்குள் 'எல்எஸ் டி*ஸ்டாஷ்*' என்று தட்டினால், ஸ்டாஷை வெவ்வேறு கோணத்தில் சோதிக்கும் இன்னும் பல கோப்புகள் வரிசையாக வரும்.

பெயரில் ஸ்டாஷ் இல்லாத கோப்புகளும் உள்ளே அதைப் பயன்படுத்தலாம். அவற்றைத் தேட:

கிட் கிரெப் -எல் 'கிட் ஸ்டாஷ்' -- டி

இந்த இரண்டையும்விட எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. நீங்கள் தொட்ட நிரல் கோப்பை இதற்கு முன் தொட்டவர்கள், அதே கமிட்டில் (வரலாற்றில் பதிவான ஒரு மாற்றத்தில்) எந்தச் சோதனைக் கோப்பைச் சேர்த்துத் தொட்டிருக்கிறார்கள் என்று வரலாற்றையே கேட்பது:

கிட் லாக் --ஃபுல்-டிஃப் --நேம்-ஒன்லி -- பில்டின்/ஸ்டாஷ்.சி

ஃபுல்-டிஃப் என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட ஒரு கோப்பின் பெயர் மட்டுமே திரும்பத் திரும்ப வரும். அதைச் சேர்த்தால் அந்தக் கமிட்டுகள் தொட்ட எல்லாக் கோப்புகளும் தெரியும். பத்துக் கமிட்டைப் புரட்டுங்கள், எந்தச் சோதனைக் கோப்பின் பெயர் அடிக்கடி வருகிறதோ அதுவே உங்களுக்கு வேண்டியது. இருபது ஆண்டுக்காரர்களின் அனுபவம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல் அது நமக்குக் கிடைக்கிறது.

படி 4: ஒரு கோப்பை ஓட்டி, விடையைப் படியுங்கள்

'டி' ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு:

./டி3903-ஸ்டாஷ்.எஸ்ஹெச்

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி வரும். தேறினால் 'ஓகே', பிறகு வரிசை எண், பிறகு சோதனையின் தலைப்பு. தோற்றால் 'நாட் ஓகே'. கடைசியில் 'பாஸ்டு ஆல்' என்று மொத்த எண்ணிக்கையோடு ஒரு வரி. இதற்கு டேப் வடிவம் என்று பெயர். பெர்ல் உலகத்திலிருந்து வந்த பழைய, எளிய வடிவம்.

புதிதாக வருகிறவர்களை இரண்டு வரிகள் குழப்பும்.

ஒன்று, 'நாட் ஓகே' என்று வந்து, அதே வரியின் கடைசியில் 'டூடூ நோன் பிரேக்கேஜ்' என்று இருக்கும். இது நீங்கள் உடைத்ததல்ல. இங்கே ஒரு பிழை இருக்கிறது, இன்னும் சரிசெய்யப்படவில்லை என்று திட்டத்தாரே அறிந்து எழுதிவைத்திருப்பது. 'டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_ஃபெயிலியர்' என்று எழுதிய சோதனைகள் இப்படி வரும். மொத்தக் கோப்பும் தேறியதாகவே கணக்கு. அதே இடத்தில் 'வானிஷ்டு' என்று வந்தால், அந்தப் பழைய பிழை உங்கள் திருத்தத்தால் தீர்ந்திருக்கலாம். அந்தச் சோதனையைத் திறந்து படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, 'ஓகே' என்று தொடங்கி நடுவில் 'ஸ்கிப்' என்று வரும் வரி. இது தேறியது அல்ல, ஓட்டவே இல்லை. உங்கள் கணினியில் ஜிபிஜி (டிஜிட்டல் கையொப்பக் கருவி) இல்லை, ஃபைல் சிஸ்டம் சிம்லிங்கை ஏற்பதில்லை என்பது போன்ற காரணம் அடைப்புக்குள் இருக்கும். கண் 'ஓகே'யை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே வரியின் கடைசி வரை படிக்கும் பழக்கம் வேண்டும். கையொப்பம் சம்பந்தமான நிரலைத் திருத்திவிட்டு, ஜிபிஜி இல்லாத கணினியில் சோதனை ஓட்டி, எல்லாம் ஓகே என்று நிம்மதியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 5: கோப்புக்குள்ளே வேண்டியதை மட்டும்

இதற்கு '--ரன்' என்ற ஆப்ஷன். எண்ணைக் கொடுக்கலாம், வீச்சைக் கொடுக்கலாம், தலைப்பில் வரும் சொல்லையும் கொடுக்கலாம். பலவற்றைக் காற்புள்ளி போட்டுச் சேர்க்கலாம். முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் 'இது வேண்டாம்' என்று பொருள்.

--ரன்=5 என்றால் ஐந்தாவது மட்டும்.
--ரன்=1-4 என்றால் ஒன்று முதல் நாலு வரை.
--ரன்=-12 என்றால் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு வரை.
--ரன்=12- என்றால் பன்னிரண்டிலிருந்து கடைசி வரை.
--ரன்='1-4,!3' என்றால் ஒன்று, இரண்டு, நாலு.
--ரன்='!7' என்றால் ஏழு நீங்கலாக எல்லாம்.
--ரன்='ஸ்டாஷ் பாப்' என்றால் தலைப்பில் அந்தச் சொற்கள் இருக்கும் எல்லாச் சோதனைகளும்.

இடமிருந்து வலமாகப் படிக்கும், பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றும். ஆச்சரியக்குறி வரும் இடத்தில் ஒற்றை மேற்கோள் கட்டாயம். இல்லாவிட்டால் பாஷ் ஷெல் அந்தக் குறியைத் தன் பழைய கட்டளை வரலாற்றைத் தேடும் குறியாக எடுத்துக்கொள்ளும்.

இது வரைக்கும் சுலபம். இனிதான் கவனம் வேண்டும்.

டி3903 கோப்பைத் திறந்து படியுங்கள். தொடக்கப் பகுதியில் 'ஸ்டாஷ் சம் டர்ட்டி வொர்க்கிங் டைரக்டரி' என்று ஒரு சோதனை இருக்கும். பார்க்க ஒரு சாதாரணச் சோதனைபோலத்தான் தெரியும். உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒரு கோப்பை உருவாக்குகிறது, முதல் கமிட்டைப் போடுகிறது, அதை மாற்றுகிறது, பிறகு ஸ்டாஷ் செய்கிறது. அதற்குப் பின்னால் வரும் சோதனைகள் பல இந்தக் கமிட்டின் மீதும் இந்த ஸ்டாஷின் மீதும்தான் நிற்கின்றன. தலைப்பில் 'செட்டப்' (முன்னேற்பாடு) என்ற சொல் இல்லை, ஆனால் வேலை செட்டப் வேலை.

இப்போது கொஞ்சம் தள்ளி 'ஸ்டாஷ் பாப்' என்ற தலைப்புள்ள சோதனைக்கு வாருங்கள். அது தானாக எந்த ஸ்டாஷையும் உருவாக்குவதில்லை. முன்னால் ஓடிய சோதனைகள் விட்டுச்சென்ற ஸ்டாஷை எடுத்துப் பிரித்துப் பார்க்கிறது. இதை மட்டும் தனியாக ஓட்டினால் எடுக்க ஒன்றும் இருக்காது, தோற்கும். உங்கள் நிரலில் பிழையே இருக்காது. சோதனையின் காலுக்குக் கீழே தரை இல்லை, அவ்வளவுதான்.

கிட்டின் சோதனைகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கோப்பு ஒரு கதைபோல. முதல் அத்தியாயத்தில் வந்ததை வைத்து ஐந்தாவது அத்தியாயம் நடக்கும். நடுப்பக்கத்தைக் கிழித்துத் தனியாகப் படித்தால் புரியாது. ஒவ்வொரு சோதனையும் தன் தரையைத் தானே போட்டுக்கொள்வதுதான் நல்லது என்பது என் கருத்து. புதிய சோதனை எழுதும்போது அப்படியே எழுதுங்கள் என்றும் சொல்வேன். ஆனால் இருபது ஆண்டாக வளர்ந்த கோப்பை நாம் உள்ளபடிதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் செய்கிற வரிசை இது.

முதலில் கோப்பை முழுவதுமாக ஒரு தடவை ஓட்டுவேன். ஒற்றைக் கோப்பு முடிய அதிக நேரம் ஆகாது. தோற்றது எத்தனையாவது என்று பார்த்துக்கொள்வேன். 21 என்று வைத்துக்கொண்டால், அடுத்த தடவை --ரன்=-21. பின்னால் வருபவை எல்லாம் கழிந்துவிடும், முன்னால் வருபவை எல்லாம் இருப்பதால் தரை உறுதி. அநேக நாள் இதற்கு மேல் போகத் தேவையே இருப்பதில்லை.

இன்னும் குறைக்க வேண்டுமானால் கோப்பைத் திறந்து தொடக்கச் சோதனைகளைப் படிப்பேன். தலைப்பில் செட்டப் என்று இருந்தால் --ரன்='செட்டப்,21'. செட்டப் என்ற சொல் வரும் எல்லாச் சோதனைகளும் 21-ம் ஓடும். டி3903 போலப் பெயர் சொல்லாத செட்டப் என்றால் அந்தத் தலைப்பையே எடுத்துக் கொடுப்பேன்.

பிறகு ஒரு சரிபார்ப்பு. இதைத் தவறவிடவே மாட்டேன், நீங்களும் விடாதீர்கள். என் திருத்தத்தைக் கழற்றிவிட்டு, அதாவது மாற்றம் எதுவும் இல்லாத பழைய நிரலைக் கட்டி, இதே --ரன் தேர்வோடு ஓட்டுவேன். திருத்தம் இல்லாத நிரலில் முழுக்கோப்பாக ஓட்டும்போது தேறும் சோதனை இப்போது தோற்றால், தவறு என் தேர்வில் இருக்கிறது, தரை போதவில்லை என்று பொருள். தேறினால் மட்டும்தான் அந்தத் தேர்வை வைத்து என் திருத்தத்தை அளக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு, அது இன்னும் மோசமானது. தலைப்பில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டிவிட்டீர்கள் என்றால் எந்தச் சோதனையும் பொருந்தாது. எல்லாமே ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன வரிகளும் 'ஓகே' என்றுதான் தொடங்கும் என்று முன்பே பார்த்தோம். கடைசியில் 'பாஸ்டு ஆல்' என்றே முடியும், எண்ணிக்கையும் முழுசாக இருக்கும். ஒன்றுகூட ஓடாமல் எல்லாம் தேறியதாகத் தோன்றும். ஆகவே --ரன் போட்டு ஓட்டிய பிறகு, உங்களுக்கு வேண்டிய தலைப்பின் வரியைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் 'ஸ்கிப்' என்றோ முடிவில் அடைப்புக்குள் '--ரன்' என்றோ இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். கடைசி வரியை மட்டும் பார்த்து எழுந்துவிடாதீர்கள்.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். இன்று 21 ஆக இருப்பது, நடுவில் யாராவது ஒரு சோதனையைச் சேர்த்தால் நாளை 22. உங்கள் மேசையில் எண் போதும். மற்றவர்களுக்குச் சொல்லும்போது, குறித்துவைக்கும்போது தலைப்பைச் சொல்லுங்கள்.

படி 6: தோற்றால் உள்ளே போய்ப் பாருங்கள்

மூன்று ஆப்ஷன்கள் சேர்ந்தே வரும்:

./டி3903-ஸ்டாஷ்.எஸ்ஹெச் --வெர்போஸ் --இம்மீடியட் -எக்ஸ்

வெர்போஸ், சோதனைக்குள் ஓடும் கட்டளைகள் அச்சிடுவதை மறைக்காமல் காட்டும். எக்ஸ், ஷெல் ஓட்டும் ஒவ்வொரு கட்டளையையும் முன்னால் கூட்டல் குறி போட்டுக் காட்டும். இம்மீடியட், முதல் தோல்வியிலேயே நிறுத்திவிடும். மூன்றாவது மிக முக்கியமானது. சோதனைக்குப் பின் சுத்தம் செய்வதற்கென்று எழுதிய கட்டளைகளைக்கூட அது ஓட்டாது. விபத்து நடந்த இடத்தை யாரும் தொடாமல் அப்படியே விட்டுவைக்கும்.

அந்த இடம் 'டிராஷ் டைரக்டரி' என்று தொடங்கி ஸ்கிரிப்டின் பெயரில் முடியும் ஒரு ஃபோல்டர். பெயரின் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதைப் பார்ப்பீர்கள். தெரிந்தே வைத்தது அது. இடைவெளி உள்ள பாதைகளில் கிட் தடுமாறினால் எந்தச் சோதனையிலும் உடனே வெளிவந்துவிடும். எல்லாம் தேறினால் இந்த ஃபோல்டர் அழிக்கப்படும். தேறினாலும் வேண்டும் என்றால் --டீபக் சேருங்கள்.

உள்ளே போய் 'கிட் லாக்' பார்த்தால், ஆக்கியோன் பெயர் 'ஏ யூ தார்' என்றும், கமிட் போட்டவர் 'சி ஓ மிட்டர்' என்றும், தேதி 2005 ஏப்ரல் 7 என்றும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி) வரவேண்டும் என்பதற்காகப் பெயரும் நேரமும் நிலையாக வைக்கப்பட்டிருக்கின்றன. நேரம் 1112911993 என்ற விநாடியில் தொடங்கி, 'டெஸ்ட்_டிக்' என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் 60 விநாடி நகரும். அந்த விநாடி சும்மா எடுத்ததல்ல. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டின் முதல் கமிட்டைப் போட்ட அதே விநாடி. இந்தத் திட்டத்தின் பிறந்த நேரம் இன்றும் அதன் சோதனைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் இதைக் கண்டுகொண்ட நாளை நான் மறக்கவில்லை.

அந்த ஃபோல்டருக்குள் நின்று வெறுமனே 'கிட்' என்று தட்டினால் ஓடுவது உங்கள் கணினியில் நிறுவிய கிட், உங்கள் சொந்த அமைப்புகளோடு. நீங்கள் கட்டியது வேண்டுமானால் ../../பின்-ராப்பர்ஸ்/கிட் என்று முழுப் பாதையோடு கூப்பிட வேண்டும். இதைவிட வசதியான வழி, ஸ்கிரிப்டைத் திறந்து சந்தேகப்படும் வரிக்கு முன்னால் 'டெஸ்ட்_பாஸ் &&' என்று தற்காலிகமாக ஒரு வரி சேர்ப்பது. சோதனை அங்கே நின்று உங்களுக்கு ஒரு ஷெல்லைத் திறந்துகொடுக்கும். அங்கே கிட் என்றால் நீங்கள் கட்டிய கிட்தான். பார்த்து முடித்து வெளியேறினால் சோதனை தொடரும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

படி 7: கூட்டமாக ஓட்டுவது, சிலதை விலக்குவது

ஸ்டாஷ் சம்பந்தப்பட்ட எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஓட்ட, பெர்லோடு வரும் 'ப்ரூவ்' கருவி போதும்:

ப்ரூவ் -ஜே8 --ஸ்டேட்=சேவ் ./டி*ஸ்டாஷ்*.எஸ்ஹெச்

ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தனக்கென்று ஒரு டிராஷ் ஃபோல்டர் வைத்துக்கொள்வதால் எட்டு எட்டாக ஒரே நேரத்தில் ஓட்டலாம், ஒன்றோடொன்று மோதாது. ஸ்டேட்=சேவ் என்பது விடைகளை எழுதிவைக்கும். அடுத்த தடவை --ஸ்டேட்=ஃபெயில்டு,சேவ் என்று மட்டும் கொடுத்தால், போன தடவை தோற்ற கோப்புகளை மட்டும் எடுத்து ஓட்டும். ப்ரூவோடு --வெர்போஸ் போகாது, தகராறு செய்யும். அங்கே --வெர்போஸ்-லாக் பயன்படுத்துங்கள், விவரம் கோப்பில் சேரும்.

விலக்குவதற்கு ஒரு சூழல் மாறி உண்டு, முழுக்கப் பெரிய எழுத்தில்: கிட்_ஸ்கிப்_டெஸ்ட்ஸ். அதற்குள் 'டி9??? டி5601.3' என்று கொடுத்து மேக் டெஸ்ட் ஓட்டினால் ஒன்பதாம் குடும்பம் முழுவதும், குளோன் கோப்பின் மூன்றாவது சோதனையும் விலகும். இந்த மதிப்பின் டி மட்டும் சின்ன எழுத்து. உங்கள் கணினியில் ஏற்கெனவே தோற்கும் ஒன்றை ஒதுக்கிவைக்க இது உதவும். ஷெல் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அது இருப்பதே நினைவிருக்காது.

நேரத்தைக் குறைக்க இன்னொன்று: லினக்ஸில் --ரூட்=/டெவ்/எஸ்ஹெச்எம் என்று கொடுத்தால் டிராஷ் ஃபோல்டர் வட்டில் இல்லாமல் நினைவகத்தில் உருவாகும். விண்டோஸில் ஷெல் ஸ்கிரிப்டுகள் மிக மெதுவாக ஓடும், ஒவ்வொரு சின்னக் கட்டளைக்கும் புதிய புராசஸ் தொடங்குவது அங்கே செலவு அதிகம். முடிந்தால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) லினக்ஸுக்குள் வேலை செய்யுங்கள்.

படி 8: ஒரு தடவை தேறி, ஒரு தடவை தோற்றால்

இப்படி வரும் சோதனையை 'மறுபடி ஓட்டினேன், சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் உண்மையான பிழை ஒளிந்திருக்கும். இதற்கென்றே --ஸ்ட்ரெஸ் இருக்கிறது. ஒரே ஸ்கிரிப்டைப் பல பிரதிகளாக ஒரே நேரத்தில், ஏதாவது ஒன்று தோற்கும் வரை, ஓட்டிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சொல்லாவிட்டால் உங்கள் புராசஸர் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கு பிரதிகள். --ரன் சேர்த்துக் கொடுத்தால் சந்தேகப்படும் பகுதியை மட்டும் வதைக்கலாம். தோற்ற பிரதியின் டிராஷ் ஃபோல்டர் தனிப் பெயரில் பத்திரமாகக் கிடைக்கும்.

மேசானில் கட்டுகிறவர்களுக்கு

கிட்டை இப்போது மேக்குக்குப் பதிலாக மேசான் என்ற கட்டும் கருவியாலும் கட்டலாம். பில்ட் ஃபோல்டருக்குள் 'மேசான் டெஸ்ட் டி3903-ஸ்டாஷ்' என்றால் அந்தக் கோப்பு மட்டும். ஸ்கிரிப்டுக்கு ஆப்ஷன் அனுப்ப --டெஸ்ட்-ஆர்க்ஸ்='-ஐஎக்ஸ்', திரையில் நேரடியாகப் பார்க்க --இன்டராக்டிவ். உள்ளே ஓடுவது அதே ஸ்கிரிப்ட் என்பதால் மேலே சொன்ன தரை, ஸ்கிப் விவகாரங்கள் எல்லாம் இங்கேயும் பொருந்தும். ஷெல் ஸ்கிரிப்டுகள் போக, சி மொழியில் எழுதிய யூனிட் டெஸ்டுகளும் 'டி' ஃபோல்டரில் 'யூனிட்-டெஸ்ட்ஸ்' என்ற பெயரில் இருக்கின்றன. முதல் வாரத்தில் அவை உங்களுக்குத் தேவைப்படாது.

படி 9: அனுப்பும் முன்

பேட்சை (உங்கள் திருத்தத்தை) திட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் முழுத் தொகுப்பையும் ஒரு தடவை ஓட்டத்தான் வேண்டும். திட்டத்தின் விதியும் அதுவே. ஸ்டாஷில் நீங்கள் மாற்றிய சின்னத் துணைச் சார்பை ரீபேஸின் ஆட்டோஸ்டாஷும் (ரீபேஸுக்கு முன் மாற்றங்களைத் தானாக ஒதுக்கிவைப்பது) கூப்பிடலாம். படி 3-இல் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாத இத்தகைய தொடர்பை முழு ஓட்டம்தான் பிடிக்கும். நான் இதை ராத்திரி சாப்பிடப் போகும்போது தொடங்கிவிடுவேன்:

மேக் -ஜே8 டீஃபால்ட்_டெஸ்ட்_டார்கெட்=ப்ரூவ் கிட்_ப்ரூவ்_ஆப்ட்ஸ்='--டைமர் --ஜாப்ஸ் 8 --ஸ்டேட்=சேவ்' டெஸ்ட்

சமக்குறிக்கு முன்னால் இருக்கும் இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில். தொடங்கும் முன் 'எக்கோ' போட்டு, கிட்_ஸ்கிப்_டெஸ்ட்ஸ் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ஏதாவது தோற்றிருந்தால், 'டி' ஃபோல்டருக்குள் போய் ப்ரூவை ஸ்டேட்=ஃபெயில்டு என்று ஓட்டுங்கள். அதே கோப்புகளை உங்கள் மாற்றம் இல்லாத பழைய நிரலிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் தோற்றால் அது உங்கள் கணினியின் விவகாரம். புதியதில் மட்டும் தோற்றால் படி 5-க்குத் திரும்பிப் போங்கள், இந்தத் தடவை அந்தக் கோப்பின் முதல் சோதனையிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்.